உர்ட்ஸ் வினையில் கலவை வருவதுதான் குறையா? ஒரு மாணவியின் கேள்வி

கேள்வி (மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். சென்ற வாரம் ஆல்கேன்களின் (ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பன்கள்) தயாரிப்பு முறைகளில் உர்ட்ஸ் வினைக்கு, அதாவது இரண்டு ஆல்கைல் ஹாலைடு (ஹாலஜன் ஏறிய ஆல்கேன்) மூலக்கூறுகளைச் சோடியத்தைக் கொண்டு இணைக்கும் வினைக்கு, வந்தேன். புரோமோமெத்தேனை உலர் ஈதரில் சோடியத்துடன் வினைப்படுத்தினால் ஈத்தேன் கிடைக்கும் என்று கரும்பலகையில் எழுதினேன். பிறகு, புரோமோமெத்தேனையும் புரோமோஈத்தேனையும் கலந்து எடுத்துக்கொண்டால் ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் என்றும், அவற்றைப் பிரிப்பது கடினம் என்பதால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கார்பன் கொண்ட ஆல்கேன்களுக்கு இம்முறை ஏற்றதன்று என்றும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி கொதிநிலை அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார். ஈத்தேனுக்கு மைனஸ் 89 டிகிரி செல்சியஸ், புரோப்பேனுக்கு மைனஸ் 42, பியூட்டேனுக்கு மைனஸ் 0.5 என்று இருக்கிறதே, நாற்பது டிகிரிக்கு மேல் இடைவெளி உள்ளவற்றைப் பிரிப்பதில் என்ன கடினம், பெட்ரோலியத்தையே பிரிக்கிறார்களே என்று கேட்டார். அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. 2-புரோமோ-2-மெத்தில்புரோப்பேனைச் சோடியத்துடன் வினைப்படுத்தினால் என்ன கிடைக்கும் என்ற வினாவுக்கு ஒரு பயிற்சித் தாளின் விடைக்குறிப்பு 2,2,3,3-டெட்ராமெத்தில்பியூட்டேன் என்கிறது. மற்றொன்று 2-மெத்தில்புரோப்பீன் என்கிறது. எது சரி? மேலும், இவ்வினையின் வழிமுறை தனி உறுப்புகள் (இணையாத ஓர் எலக்ட்ரான் கொண்டவை) வழியாகவா, கார்பன் எதிரயனி (எதிர்மின் சுமை தாங்கிய கார்பன்) வழியாகவா என்பதிலும் நூலுக்கு நூல் வேறுபாடு இருக்கிறது.


பதில் 1 (கல்லூரிப் பேராசிரியர், ஓய்வு)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி கேட்டது நியாயமான கேள்வி. அவரிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: 1855-இல் பாரிசில் சார்லஸ் அடால்ஃப் உர்ட்ஸ் இந்த வினையை வெளியிட்டபோது அவர் முக்கியமாகச் செய்து காட்டியதே கலப்பு ஆல்கேன்களைத்தான். எத்தில் அயோடைடையும் பியூட்டைல் அயோடைடையும் கலந்து சோடியத்துடன் வினைப்படுத்தி “எத்தில்-பியூட்டைல்” என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அவ்வாறே எத்தில்-அமைல், பியூட்டைல்-அமைல் (அமைல் என்பது ஐந்து கார்பன் தொகுதி) ஆகியவற்றையும் தயாரித்தார். இன்று எதற்கு இம்முறை உதவாது என்று நாம் எழுதிப்போடுகிறோமோ, அதற்காகவே அது பிறந்தது என்பது வேடிக்கைதான்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்குப் பின்னணி உண்டு. 1849-இல் எட்வர்டு பிராங்க்லாண்ட் எத்தில் அயோடைடையும் துத்தநாகத்தையும் மூடி உருக்கிய கண்ணாடிக் குழாயில் வைத்துச் சூடேற்றி, வெளிவந்த வாயுவை “எத்தில்” என்னும் தனி உறுப்பு என்று அறிவித்தார். அதே காலத்தில் ஜெர்மன் வேதியியலாளர் கோல்ப் அசிட்டேட்டை மின்னாற்பகுத்துப் பெற்ற வாயுவை “மெத்தில்” என்றார். உண்மையில் முன்னது பியூட்டேன், பின்னது ஈத்தேன். எத்தில் என்றால் மூலக்கூறு நிறை 29 இருக்க வேண்டும். வாயுவின் அடர்த்தியோ 58-க்கு உரியதாக இருந்தது. ஆகவே இவை இரட்டித்த மூலக்கூறுகள் என்று பிரெஞ்சு வேதியியலாளர்கள் லோரானும் ஜெரார்டும் வாதிட்டார்கள், மற்றவர்கள் மறுத்தார்கள். எத்திலும் எத்திலும் இணைந்துதான் அந்த வாயு உருவாகிறது என்றால், எத்திலும் பியூட்டைலும் இணைந்த ஒன்றும் இருக்க வேண்டுமல்லவா? உர்ட்ஸ் அதைத்தான் தயாரித்துக் காட்டினார். கொதிநிலைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், கலப்புப் பொருள் இரண்டு இரட்டைகளுக்கும் நடுவே போய் உட்கார்ந்தது. அவர் பயன்படுத்திய பியூட்டைல் இன்று நாம் ஐசோபியூட்டைல் என்பது. எனவே இன்றைய பெயர்களில் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலும், கலப்புப் பொருளாகிய 2-மெத்தில்பென்டேன் 60 டிகிரியிலும், 2,5-டைமெத்தில்ஹெக்சேன் 109 டிகிரியிலும் கொதிக்கும். அன்றைய வாலைக் கருவிக்கே இது எளிய பிரிப்பு.

ஆகையால் “பிரிக்க முடியாது” என்பது காரணத்தில் பாதிதான். சங்கிலி நீளும்போது அந்தப் பாதிக்கு வலு கூடுகிறது: 1-புரோமோஆக்டேனையும் 1-புரோமோநோனேனையும் இணைத்தால் வரும் ஹெக்சாடெக்கேன், ஹெப்டாடெக்கேன், ஆக்டாடெக்கேன் மூன்றும் சுமார் 287, 302, 317 டிகிரிகளில் கொதிப்பவை, இடைவெளி பதினைந்தாகச் சுருங்கிவிட்டது. மூன்றும் ஆல்கேன்களே என்பதால், அமிலத்தையோ காரத்தையோ கொண்டு ஒன்றை மட்டும் கழுவி எடுக்கவும் வழியில்லை.

மீதிப் பாதி விளைச்சல் கணக்கு. இரண்டு ஹாலைடுகளும் ஒரே வேகத்தில் வினைபுரிகின்றன என்று வைத்துக்கொண்டு சம மோல் எடுத்தால், மூன்று விளைபொருள்களும் 1:2:1 என்ற விகிதத்தில் வரும். நாம் விரும்பிய கலப்புப் பொருள் மிகச் சிறந்த நிலையிலும் பாதிதான். ஒன்று விலை மலிந்ததாகவும் மற்றது அரியதாகவும் இருந்தால், மலிந்ததை நான்கு மடங்கு எடுத்துக்கொண்டு அரியதில் 80 விழுக்காட்டைக் கலப்புப் பொருளுக்குள் கொண்டுவந்துவிடலாம். ஆனால் மலிந்தது பெரும்பாலும் தன்னோடு தானே இணைந்து வீணாகும். இந்தக் கணக்கை அந்த மாணவியையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நிகழ்தகவுப் பாடத்துக்கும் உதவும்.

ஒரு சிறு திருத்தமும் சொல்ல வேண்டும். “ஒற்றைப்படை” என்பதைவிட “சமச்சீரற்ற” என்பதே சரியான சொல். 2-மெத்தில்பென்டேனில் ஆறு கார்பன்கள் உள்ளன. இருந்தும் அது எத்திலும் ஐசோபியூட்டைலும் சேர்ந்த கலப்புதான்.


பதில் 2 (கரிம வேதியியல் ஆய்வு மாணவர்)

பேராசிரியர் ஐயா விட்ட இடத்திலிருந்து வழிமுறையைப் பற்றி எழுதுகிறேன். தனி உறுப்பா, எதிரயனியா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதால்தான் குழப்பம் வருகிறது. இரண்டும் ஒரே பாதையில் அடுத்தடுத்து வரும் நிலைகள். சோடியத்தின் பரப்பில் ஆல்கைல் ஹாலைடு ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. கார்பன்-ஹாலஜன் பிணைப்பு முறிந்து ஹாலைடு அயனியும் ஆல்கைல் தனி உறுப்பும் பிரிகின்றன. அந்தத் தனி உறுப்பு அதே பரப்பில் இன்னோர் எலக்ட்ரானை வாங்கினால் ஆல்கைல் சோடியம் உருவாகிறது. ஆல்கைல் சோடியத்தில் உள்ள கார்பன் எதிர்மின் தன்மை மிகுந்தது. அது வினைபுரியாமல் எஞ்சியிருக்கும் மற்றொரு ஆல்கைல் ஹாலைடைப் பின்புறமிருந்து தாக்கி, கருக்கவர் பதிலீட்டு வினையின் மூலம் ஹாலைடை வெளியேற்றி ஆல்கேனைத் தருகிறது. இதற்கிடையே இரண்டு தனி உறுப்புகள் நேரடியாகச் சந்தித்து இணைவதும் ஓரளவு நடக்கலாம். எது எவ்வளவு என்பது ஹாலைடு, உலோகம், கரைப்பான், வெப்பநிலை ஆகியவற்றைப் பொறுத்தது.

ஆல்கைல் சோடியம் என்பது வெறும் கற்பனை இடைநிலை அன்று. 1-குளோரோபென்டேனை ஹைட்ரோகார்பன் கரைப்பானில் நுண்துகள் சோடியத்துடன் குளிர்நிலையில் வினைப்படுத்தி, பிறகு கார்பன் டைஆக்சைடைச் செலுத்தினால் ஹெக்சனாயிக் அமிலம் கிடைக்கிறது. பென்டைல் சோடியம் அங்கே இருந்திருக்காவிட்டால் ஆறாவது கார்பன் வந்து ஒட்டியிருக்க வழியில்லை. இதற்குக் குளோரைடைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு: புரோமைடோ அயோடைடோ ஆனால், உருவான ஆல்கைல் சோடியத்தோடு உடனே இணைந்துவிடும், குளோரைடு சற்று மந்தமானது.

பக்க விளைபொருள்களைப் பாருங்கள். புரோமோஈத்தேனிலிருந்து பியூட்டேனுடன் கொஞ்சம் ஈத்தேனும் எத்திலீனும் வருகின்றன. பல நூல்கள் இதைத் தனி உறுப்பு வழிமுறைக்குச் சான்று என்று எழுதுகின்றன: ஓர் எத்தில் உறுப்பு மற்றொன்றிடமிருந்து ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டால், பறித்தது ஈத்தேன், பறிகொடுத்தது எத்திலீன். ஆனால் எத்தில் சோடியம் ஒரு வலிமையான காரமாகச் செயல்பட்டுப் புரோமோஈத்தேனின் பீட்டா ஹைட்ரஜனை (ஹாலஜன் தாங்கிய கார்பனுக்கு அடுத்த கார்பனில் உள்ளது) எடுத்து, இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும் நீக்க வினையை நடத்தினாலும் அதே ஈத்தேனும் அதே எத்திலீனும்தான் வரும். எனவே இந்த விளைபொருள்களை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது. மெத்தில் ஹாலைடில் பீட்டா கார்பனே இல்லாததால் இந்தத் தொல்லையும் இல்லை.

மூவிணைய ஹாலைடுக்கு வருவோம். 2-புரோமோ-2-மெத்தில்புரோப்பேனில் ஹாலஜன் தாங்கிய கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. பின்புறத் தாக்குதலுக்கு இடமில்லை. ஆனால் எடுப்பதற்கு ஒன்பது பீட்டா ஹைட்ரஜன்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஆகவே நீக்க வினையே மேலோங்கி, 2-மெத்தில்புரோப்பீனும் அதற்கு இணையாக 2-மெத்தில்புரோப்பேனும் பெரும்பான்மையாக வருகின்றன. 2,2,3,3-டெட்ராமெத்தில்பியூட்டேனை முதன்மை விளைபொருளாகக் காட்டும் விடைக்குறிப்பு, சமன்பாட்டின் அச்சில் மூலக்கூறை ஊற்றி எடுத்த விடை. (அந்த ஆல்கேன் தன்னளவில் சுவையானது: எட்டே கார்பன்கள், ஆனால் பந்துபோன்ற வடிவத்தால் அறை வெப்பநிலையில் திண்மம், சுமார் 101 டிகிரியில் உருகி, 106-இல் கொதித்துவிடும்.)

நெரிசலுக்கு நேர்மாறான எடுத்துக்காட்டு அல்லைல் ஹாலைடுகள் (இரட்டைப் பிணைப்புக்கு அடுத்த கார்பனில் ஹாலஜன் கொண்டவை). அவை மிக எளிதில் இணைந்து 1,5-ஹெக்சாடையீனைத் தரும். அல்லைல் குளோரைடிலிருந்து கிரிக்னார்டு வினைபொருளை (கார்பன்-மெக்னீசியம் பிணைப்புள்ள சேர்மம்) தயாரிப்பவர்களுக்கு இந்த இணைப்பே பெரிய தலைவலி.


பதில் 3 (ஆய்வகப் பயிற்றுநர்)

மேலே உள்ளவர்கள் தாளில் சொன்னதை மேசையில் பார்த்தவன் என்ற முறையில் சில சொற்கள். முதுகலைச் செய்முறையில் 1-புரோமோபியூட்டேனிலிருந்து ஆக்டேன் தயாரிப்பதே இவ்வினைக்கு வழக்கமான பயிற்சி. 27.4 கிராம் புரோமோபியூட்டேன் என்பது 0.2 மோல், அதற்கு 4.6 கிராம் சோடியம் வேண்டும், கணக்குப்படி 11.4 கிராம் ஆக்டேன் வர வேண்டும். நடைமுறையில் சோடியத்தைச் சற்றுக் கூடுதலாகவே எடுப்பார்கள். எங்கள் மாணவர்களில் பெரும்பாலானோர் பாதியளவு எடுத்தாலே முகம் மலர்ந்து போவார்கள்.

சோடியத்தை மண்ணெண்ணெயிலிருந்து இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, மேலே படிந்த வெளிறிய மேலோட்டைக் கத்தியால் சீவித் தள்ள வேண்டும். வெட்டிய முகம் வெள்ளிபோல் மின்னும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கும். அதைக் கோதுமை மணியளவு துண்டுகளாக நறுக்கி நேரே உலர் ஈதருக்குள் போட வேண்டும். பின்னர் ஹாலைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஈதர் 35 டிகிரியிலேயே கொதிப்பதால், வினையின் வெப்பமே அதைக் கொதிக்க வைத்துவிடும். குளிர்விப்பானின் மேல்வாயில் கால்சியம் குளோரைடுக் குழாயைப் பொருத்த மறக்கக் கூடாது. சற்று நேரத்தில் துண்டுகளின் மேல் நீலம் பாய்ந்த படிவு ஏறும். முதன்முறை பார்ப்பவர்கள் ஏதோ கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். வினை நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

“உலர்” என்ற சொல்லை மாணவர்கள் ஓர் அடைமொழியாக மட்டும் படிக்கிறார்கள். ஒரு மழைக்காலத்தில், நான் முன்பு பணிபுரிந்த ஒரு கல்லூரியில், மூடி சரியாகத் திருகப்படாத புட்டியிலிருந்து ஈதரை எடுத்து வைத்துவிட்டேன். ஹாலைடைச் சேர்க்கும் முன்பே, சோடியம் விழுந்தவுடன், துண்டுகளைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பின. அது ஹைட்ரஜன். ஈதரின் ஆவியும் ஹைட்ரஜனும் ஒரே குடுவையில். நல்ல வேளையாக அருகில் சுடர் எதுவும் இல்லை. துண்டுகளின் மேல் சோடியம் ஹைட்ராக்சைடு வெண்மையாகப் படிந்து, வினை மேற்கொண்டு நகரவே இல்லை. நீர் இரண்டு வகையில் கெடுக்கிறது: சோடியத்தை நேரடியாகத் தின்கிறது, தப்பித் தவறி ஆல்கைல் சோடியம் உருவானாலும் அதற்கு ஒரு புரோட்டானைக் கொடுத்துப் பியூட்டேனாக்கி வாயுவாய் ஓட்டிவிடுகிறது.

வினை முடிந்தபின் எஞ்சிய சோடியத்தை அழிக்க நீரை ஊற்றாதீர்கள். எத்தனாலைச் சிறிது சிறிதாக விட்டு, குமிழி அடங்கிய பிறகே நீர்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈதரைச் சோடியக் கம்பியால் உலர்த்துவதைப் பார்த்துவிட்டு, குளோரோஃபார்மையும் அப்படி உலர்த்தலாமா என்று ஆண்டுதோறும் ஒருவராவது கேட்பார். கூடவே கூடாது. ஹாலஜன் மிகுந்த கரைப்பான்களும் சோடியமும் சேர்ந்த கலவை ஒரு தட்டலுக்கே வெடிக்கக்கூடியது. அங்கேயும் நடப்பது கார்பன்-ஹாலஜன் பிணைப்புக்கு உலோகம் எலக்ட்ரான் கொடுப்பதுதான். ஆனால் அடக்க ஆளில்லாமல் நடக்கிறது.


கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. 1:2:1 கணக்கை மாணவியே போட்டுவிட்டார். போட்டுவிட்டு அடுத்த கேள்வியையும் கேட்டார்: ஹெப்டேன் மட்டும் வேண்டும் என்றால் இக்காலத்தில் எப்படித்தான் இணைப்பார்கள்? சோடியத்தை இன்னும் யாராவது இதற்குப் பயன்படுத்துகிறார்களா?


பதில் 4 (ஆய்வு மாணவர், மீண்டும்)

உர்ட்ஸ் வினையின் அடிப்படைக் குறை, இரண்டு ஹாலைடுகளும் ஒரே நேரத்தில் ஒரே உலோகத்தைப் பார்ப்பதுதான். யார் எதிரயனியாவது, யார் தாக்கப்படுவது என்பதை நாம் தீர்மானிக்க முடிவதில்லை. அந்த இரண்டு வேலைகளையும் இரண்டு குடுவைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீரும். 1960-களின் பிற்பகுதியில் வந்த கோரே-ஹவுஸ் முறை அதைத்தான் செய்கிறது: முதலில் 1-புரோமோபியூட்டேனை லித்தியத்துடன் வினைப்படுத்திப் பியூட்டைல் லித்தியமாக்கி, அதைத் தாமிர(ஒன்று) அயோடைடுடன் சேர்த்து லித்தியம் டைபியூட்டைல்குப்ரேட் ஆக்க வேண்டும், ஆல்கைல் புரோமைடு எஞ்சாத அந்தக் கரைசலில் 1-புரோமோபுரோப்பேனைச் சேர்த்தால் ஹெப்டேன் வருகிறது, ஹெக்சேனும் ஆக்டேனும் கணிசமாக வருவதில்லை. குப்ரேட்டில் உள்ள இரண்டு பியூட்டைல்களில் ஒன்று வீணாவது இதன் விலை.

தாமிரம் எதற்கு, பியூட்டைல் லித்தியத்தையோ கிரிக்னார்டு வினைபொருளையோ நேராகப் புரோமைடுடன் சேர்த்தால் என்ன என்று அவர் அடுத்துக் கேட்பார். சாதாரண ஆல்கைல் ஹாலைடுகளோடு கிரிக்னார்டு வினைபொருள் தானாக எளிதில் இணைவதில்லை. ஆல்கைல் லித்தியமோ ஹாலஜனை இடம் மாற்றிக்கொண்டு மறுபடியும் கலவையையே உண்டாக்கும். சிறிதளவு தாமிரம், இரும்பு, நிக்கல் போன்ற இடைநிலை உலோகத்தை வினையூக்கியாகச் சேர்த்தால் கிரிக்னார்டும் இணையத் தொடங்கும். அந்தப் பாதையில்தான் 1972-இல் குமாடாவும் கொரியூவும் நிக்கலைக் கொண்டும், பிறகு நெகிஷி துத்தநாகச் சேர்மங்களைக் கொண்டும், சுசுகி போரான் சேர்மங்களைக் கொண்டும் வந்தார்கள். பல்லேடியம் வினையூக்கிய இணைப்பு வினைகளுக்காக ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் 2010-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

சோடியமும் ஓய்ந்துவிடவில்லை. இரண்டு ஹாலஜன்களும் ஒரே மூலக்கூறில் இருந்தால் கலவைப் பிரச்சினையே எழாது. தன் வாலைத் தானே கவ்விக்கொள்ளும். 1881-இல் பிராய்ண்ட் 1,3-டைபுரோமோபுரோப்பேனிலிருந்து சைக்ளோபுரோப்பேனை முதன்முதலில் பெற்றது இப்படித்தான். 1-புரோமோ-3-குளோரோசைக்ளோபியூட்டேனைச் சோடியத்துடன் வினைப்படுத்தினால், இரண்டு முக்கோணங்கள் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொண்டதுபோன்ற பைசைக்ளோபியூட்டேன் கிடைக்கிறது. அத்தனை இறுக்கமான வளையத்தை இவ்வளவு எளிய வினை தருவதை நான் முதலில் நம்பவில்லை.

தொழிற்சாலையிலோ கார்பனுக்குப் பதில் சிலிக்கான். டைமெத்தில்டைகுளோரோசிலேனை உருகிய சோடியத்துடன் வினைப்படுத்தினால் சிலிக்கான்-சிலிக்கான் பிணைப்புகள் தொடர்ந்து பாலிசிலேன் சங்கிலியாகின்றன. சோடியம் 98 டிகிரியில் உருகும், டொலுவீன் 111-இல் கொதிக்கும். எனவே கொதிக்கும் டொலுவீனில் சோடியம் துளிகளாய்ச் சிதறும், பரப்பும் பெருகும். அந்தப் பாலிசிலேனைச் சூடேற்றி மாற்றி, இழையாக நூற்று, மீண்டும் மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்டுச் சிலிக்கான் கார்பைடு இழையாக்கும் முறையை 1970-களில் ஜப்பானின் யஜிமா உருவாக்கினார்.


கேட்டவர்

விடைத்தாள் பற்றி ஒரே ஒரு கேள்வி மிச்சம். மூவிணைய ஹாலைடு வினாவுக்கு டெட்ராமெத்தில்பியூட்டேன் என்று எழுதியவருக்கு மதிப்பெண் கொடுக்கலாமா?


பதில் 5 (கல்லூரிப் பேராசிரியர், ஓய்வு)

வினா “உர்ட்ஸ் வினையின் சமன்பாட்டை நிறைவு செய்க” என்று இருந்தால் கொடுத்துவிடுங்கள். பிழை வினாவைத் தயாரித்தவருடையது. “முதன்மை விளைபொருள் எது” என்று கேட்டிருந்தால் 2-மெத்தில்புரோப்பீனுக்கே கொடுங்கள், கூடவே 2-மெத்தில்புரோப்பேனையும் எழுதியவருக்கு ஒரு சபாஷ் போடுங்கள். அடுத்த முறை நீங்களே வினாத்தாள் தயாரிக்கும்போது 1-புரோமோ-2-மெத்தில்புரோப்பேனைக் கொடுத்தால் இந்தத் தகராறே வராது. 2,5-டைமெத்தில்ஹெக்சேன் என்று உர்ட்ஸுக்குக் கிடைத்ததே உங்கள் மாணவர்களுக்கும் கிடைக்கும்.